ஐம்பது ஒற்றர்களும் ஒரு டாக்டரும்

மனச்சிதைவு வந்தவங்ககிட்ட பேசி என்னங்க பிரயோஜனம், மாத்திரைதான் ஒரே வழின்னு படிச்சவங்களே சொல்றதுண்டு. இது பழைய நம்பிக்கை. ஃப்ராய்டே தன்னோட உளப்பகுப்பாய்வு இவங்களுக்கு சரிப்படாதுன்னு நினைச்சவர்தான்.

ஆனா 1952-லயே ஆரன் பெக்னு ஒரு இளம் அமெரிக்க டாக்டர் வேற மாதிரி கட்டுரை எழுதினார். அவர்கிட்ட வந்தவர் முன்னாள் ராணுவ வீரர். தன் படைப்பிரிவுல இருந்த ஐம்பது பேர் எஃப்.பி.ஐ. ஆளுங்களா வந்து தன்னை வேவு பார்க்கறாங்கன்னு நம்பினார். 'எல்லாம் பிரமை'ன்னு பெக் மறுத்துப் பேசல. அவங்க யாரு, எப்படி நடந்துக்கறாங்கன்னு சேர்ந்து அலசினாங்க. ஒவ்வொருத்தரா கழிஞ்சு, பட்டியல் ரெண்டு மூணு பேரா சுருங்கிடுச்சு!

அதே 1952-ல பாரிஸ்ல க்ளோர்ப்ரோமசின் மாத்திரையோட பலன் தெரிய வந்தது. பெரிய வரம்தான், மறுக்க முடியாது. ஆனா பேச்சு பின்வரிசைக்குப் போயிடுச்சு. பெக்கும் மனச்சோர்வு ஆராய்ச்சிக்குத் திரும்பி, 1960-களில் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கி உலகப் புகழ் அடைஞ்சார். அதை மனச்சிதைவுக்கு முறையா கொண்டுவந்தவங்க 1990-களின் பிரிட்டிஷ்காரங்க.

பெக் கடைசி காலத்துல தன் பழைய கேள்விக்கே திரும்பினார். மூலையில முடங்கிக் கிடக்கறவங்களை 'சோம்பேறி', 'மூளை மழுங்கிடுச்சு'ன்னு தள்ளாதீங்க, 'முயற்சி பண்ணாலும் தோத்துடுவேன்'ங்கிற நம்பிக்கையும் அவங்களைக் கட்டிப் போடுதுன்னார். அதனால நோயைப் பத்திப் பேச்சை ஆரம்பிக்காம, பாட்டு, சமையல், விளையாட்டுன்னு அவங்க உயிர்ப்பா இருக்கற இடத்துல ஆரம்பிக்கணும். அப்புறம் 'உங்க ஆசை என்ன?' அதுக்கு இந்த வாரம் ஒரு சின்ன அடி. மீட்சி நோக்கிய அறிவாற்றல் சிகிச்சைன்னு இதுக்குப் பேர்.

2012-ல பால் கிராண்ட், பெக் குழு ஃபிலடெல்ஃபியாவில் 60 பேரை வெச்சு நடத்தின ஆய்வு வெளியாச்சு. எல்லாரும் ரொம்ப முடங்கிப் போனவங்க. ஒன்றரை வருஷத்துல, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்களைவிட இதையும் சேர்த்து எடுத்தவங்களோட அன்றாட செயல்பாடும் ஊக்கமும் கூடியிருந்தது. அப்போ பெக்குக்கு 90 வயசு. 2021-ல, 100 வயசுல காலமானார்.

மாத்திரையை நிறுத்தணும்னு யாரும் அர்த்தம் பண்ணிக்காதீங்க. அது டாக்டர் முடிவு. ஆனா இந்த நோய் இருக்கற பல வீடுகள்ல 'சாப்டியா, மாத்திரை போட்டியா' தாண்டி பேச்சே கிடையாது. 'உனக்கு என்ன பண்ணணும்னு ஆசை?'ன்னும் கேட்டுப் பாருங்க. பதில் உடனே வராது. மறுநாளும் கேளுங்க.