இரும்பு வரியும் நம் பட்டறைகளும்

சென்ற மாதம் நம் சங்கத்தின் நிருவாகக் கூட்டம் மண்ணூர்பேட்டையிற் கூடியபொழுது நிகழ்ந்த வாதம் அங்கத்தினர் பலர்க்கும் நினைவிருக்கும். அயல்நாட்டு எஃகுத் தகட்டின்மேல் அரசாங்கத்தார் விதித்துள்ள காப்பு வரியை நீக்குமாறு நம் சங்கம் விண்ணப்பம் விடுத்தல் வேண்டும் என்று, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பட்டறை நடத்தும் இளைஞர் ஒருவர் தீர்மானம் கொணர்ந்தார். அவர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கர். உடனே எழுந்தார் மூத்த அங்கத்தினர் ஒருவர்; அவர்தம் மைந்தர் பல்லாரிப் பக்கத்து எஃகாலையொன்றிற் பணிபுரிகின்றார். “தம்பி, உன் உலையில் நெருப்பெரிய என் மகன் உலையை அவிக்கச் சொல்லுகிறாயா?” என்று அவர் கேட்டார். இருவரும் நம்மவர், இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. குரல்கள் உயரவே, தலைவரவர்கள் தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்திற்கு ஒத்திவைத்து, “பண்டிதரையா, இந்த வரியின் பழைய கதையைப் பத்திரிகையில் எழுதுங்கள்; படித்துவிட்டு வந்து பேசுவோம்” என்று எம்மைப் பணித்தார். யாம் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரேயன்றிப் பொருணூல் வல்லேம் அல்லேம். ஆயினும் பெரியார் சொல்லை மறுத்தற்கஞ்சி, யாம் தேடிக் கற்றவற்றை ஈண்டு எழுதலுற்றேம்.

இரும்பு உருக்குவோன் ஒருவன். அவ்விரும்பைக் காய்ச்சி அடித்துக் கருவி செய்வோன் மற்றொருவன். அக்கருவியை வாங்கி உழுவோன் மூன்றாமவன். முதல்வனுக்குப் பண்டம் இரும்பு, இரண்டாமவனுக்கு அதுவே மூலப்பொருள், மூன்றாமவனுக்குச் செலவு. இம்மூவருள் ஒருவனைக் காக்கும் வரி மற்றை இருவர் மடியிற் கைவைக்கும். இஃது இன்று நேற்று எழுந்த சிக்கலன்று.

கொங்கு நாட்டிலும் சேலத்துக் கஞ்சமலைப் பகுதியிலும் மண்ணாற் செய்த சிற்றுலைகளில் மரக்கரியிட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பெடுத்தனர் நம் நாட்டார். 1800ஆம் ஆண்டில் தென்னாட்டிற் பயணஞ்செய்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்தியர் இத்தகைய உலைகளை நேரிற் கண்டு, விரிவாக எழுதிவைத்துள்ளார். பின்னர் இங்கிலாந்தில் நிலக்கரி கொண்டு பேருலைகளில் உருக்கிய இரும்பு கப்பலேறி வந்தது. அது மலிவு; ஒரே அளவுள்ள கம்பியாகவும் பட்டையாகவும் வந்தது. ஊர்க் கொல்லர்க்கு அது பெரும் வசதி. கசடு நிறைந்த பாளத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும் உழைப்பு குறைந்தது. ஆனால் அதே கப்பல் மலையடிவாரத்து உருக்குவோரை வேரறுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவ்வுலைகள் பெரும்பாலும் அணைந்தன. உருக்கியவரும் கொல்லரும் ஒரே சந்தையிற் கொடுத்து வாங்கியவர். ஒருவர் இழந்தது மற்றவர்க்கு ஊதியமாயிற்று.

நம் நாட்டுக் கனிப்பொருளைப் புது முறையில் உருக்க ஒருவர் முயன்றதும் உண்டு. சேலத்திற் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் வேலையை விட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். கனிப்பொருள் சேலத்தினின்றும் வரவேண்டும்; எரிபொருளோ மரக்கரி; காடு குறையக் குறையக் கரியின் விலை ஏறிற்று. இங்கிலாந்து இரும்பு நாளுக்கு நாள் மலிந்தது. கம்பெனியார் முன்பணம் கொடுத்தனர். ஆயினும் வந்திறங்கும் இரும்பைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை. ஹீத் கடனில் மூழ்கித் தம் நாடு திரும்பினார். 1839இல் மாங்கனீசு கலந்து எஃகு செய்யும் முறைக்கு உரிமைச் சீட்டுப் பெற்று, அதன்பொருட்டு வழக்காடியே வாழ்நாளைப் போக்கினார். அவர் கண்ட முறையால் ஷெப்பீல்டு நகரத்தார் செழித்தனர். பரங்கிப்பேட்டை உலை வேறு கைகளுக்கு மாறி, பின்னர் அதுவும் நின்றது. வரிப் பாதுகாப்பு இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமோ என்று சிலர் வினவுவர். கரியில்லாத இடத்தில் வரி மட்டும் உலையை எரிக்காது என்பதே எம் எண்ணம்.

நிற்க. 1882இல் இந்திய சர்க்கார் இறக்குமதி வரிகளைப் பெரும்பாலும் நீக்கினர். 1894இல் வருவாய் வேண்டி நூற்றுக்கு ஐந்து என்று மீண்டும் விதித்தபொழுதும், இரும்பு எஃகுகளுக்கு நூற்றுக்கு ஒன்றே விதித்தனர். முதல் உலகப் போரின் செலவால் 1916இல் அது இரண்டரையாகவும், 1922இல் பத்தாகவும் ஏறிற்று. இவையெல்லாம் கஜானாவை நிரப்ப எழுந்தவை. தொழிலைக் காக்க எழுந்தவை அல்ல.

இதற்கிடையில் 1907இல் தொடங்கிய டாட்டா இரும்புக் கம்பெனி 1912இல் எஃகு வார்க்கத் தொடங்கிற்று. போர்க்காலத்தில் அதன் தண்டவாளங்கள் சர்க்காருக்கு உதவின. போர் முடிந்ததும் நிலை மாறிற்று. ஐரோப்பாவில் எஃகின் விலை சரிந்தது. பெல்ஜியத்தினின்றும் ஜெர்மனியினின்றும் மலிவான கம்பி வந்து குவிந்தது. ஆலையை விரிவாக்கக் கடன் வாங்கியிருந்த கம்பெனியோ 1924இல் சம்பளம் கொடுக்கவும் திணறும் நிலை எய்திற்று. தலைவர் சர் டோராப்ஜி டாட்டா தம் சொந்தச் சொத்தை ஈடுவைத்துக் கடன் பெற்று ஆலையை நடத்தினார்.

1923இல் சர்க்கார் அமைத்த சுங்கவரி ஆராய்ச்சிச் சபை எஃகைப் பற்றி விசாரித்தது. ஜார்ஜ் ரெய்னி தலைவர், பி. பி. ஜின்வாலாவும் பேராசிரியர் வி. ஜி. காலேயும் உறுப்பினர். பாதுகாப்புக் கேட்கும் தொழிலுக்கு முன்னரே மூன்று நிபந்தனைகள் வகுக்கப்பட்டிருந்தன: நாட்டில் அதற்கு இயற்கை வசதி இருத்தல்; உதவியின்றி வளரமாட்டாமை; நாளடைவில் உதவியின்றியே உலகப் போட்டிக்கு ஈடுகொடுக்கும் என்னும் நம்பிக்கை. மூன்றாவதே யாம் மிக மதிப்பது. இந்தியாவிற் செய்தவன் நியாயமான ஊதியத்துடன் விற்கக்கூடிய விலை என்ன, துறைமுகத்தில் இறங்கும் அயற்சரக்கின் விலை என்ன, இவ்விரண்டின் வேறுபாடு எவ்வளவோ அவ்வளவே வரி என்று அச்சபையார் கணக்கிட்டனர். அதன்படி 1924ஆம் ஆண்டு எஃகுத் தொழிற் காப்புச் சட்டத்தில், எஃகுக் கம்பிக்கு டன்னுக்கு 40 ரூபாயும், கட்டடச் சட்டங்களுக்கு 30 ரூபாயும், துத்தநாகம் பூசிய தகட்டிற்கு 45 ரூபாயும், வெள்ளீயம் பூசிய தகட்டிற்கு 60 ரூபாயும் வரி அமைந்தன. தண்டவாளத்துக்கு வரியன்றி நேரே மானியம். அதுவும் முதல் ஆண்டு டன்னுக்கு 32 ரூபாய், அடுத்த ஆண்டு 26, அதற்கடுத்த ஆண்டு 20 என்று படிப்படியாக இறங்கும்படி.

நம்மவர் இக்கணக்கைச் சற்றே நின்று பார்த்தல் நன்று. டன் ஒன்றுக்கு 2240 ராத்தல். 40 ரூபாய்க்கு 7680 தம்பிடி. ஆகவே ராத்தல் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்றரைத் தம்பிடி. இரண்டு ராத்தல் எடையுள்ள கொழு ஒன்றிற்கு ஏழு தம்பிடி, அதாவது அரையணாவுக்குச் சிறிது மேல். இதில் முன்னிருந்த பத்து வீத வரியும் அடக்கமாதலின், உழவனுக்குப் புதிதாக ஏறியது இன்னும் குறைவே. உழவன் ஒருவன் இதனாற் கெடமாட்டான். ஆனால் நாளெல்லாம் இரும்பே வாங்கும் கொல்லனுக்கு? மாதம் ஐந்து அந்தர் கம்பி அடிப்பவனுக்குப் பத்து ரூபாய். அக்காலத்தில் அஃது அவன் அடுப்பெரியும் பணம். சுமை ஊர் முழுதும் மெல்லப் பரவிற்று எனினும், முதலில் தாங்கியது பட்டறைக்காரன் தோளே.

1927இற் சட்டம் புதுப்பிக்கப்பட்டபொழுது இங்கிலாந்துச் சரக்குக்குக் குறைந்த வரியும் ஐரோப்பாவின் பிற நாட்டுச் சரக்குக்கு மிகுந்த வரியும் ஏற்பட்டன. சட்டசபையில் இதனைப் பலர் கண்டித்தனர். பாலங்கட்டும் பெரியோர் வாங்கியது தரமுத்திரை பெற்ற ஆங்கில எஃகு. சிறுகொல்லர் வாங்கியது முத்திரையற்ற மலிவான பெல்ஜியக் கம்பி. எளியோன் வாங்கும் சரக்கின்மேல் மிகுந்த வரி என்றால், காப்பது எதனை என்ற ஐயம் எழுதல் இயல்பே.

ஆயினும் ஒன்று சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அவ்வரி பயன் தந்தது. 1930க்குப் பின் நாட்டின் எஃகுத் தேவையிற் பெரும்பகுதியை ஜம்ஷெட்பூர் ஆலையே நிறைவேற்றிற்று, செலவும் குறைந்தது. 1934இல் வரிகள் பலவும் தளர்த்தப்பட்டன. 1947இல் எஃகுக்கு அளித்த பாதுகாப்பே முடிவுக்கு வந்தது. தொழில் அதனை வேண்டவில்லை. காலவரையறை வைத்து, கணக்கை அச்சிட்டு வெளிப்படுத்தி, அவ்வப்பொழுது உரசிப் பார்த்த வரி அது.

கன்னார் கதை வேறு. அயல்நாட்டுச் செம்புத் தகடும் பித்தளைத் தகடும் வந்தபின் அவர்தம் வார்ப்புத் தொழில் நலிவதைக் கண்ட ஆல்பிரட் சாட்டர்டன், 1898இல் சென்னை ஓவியத் தொழிற்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முறையைத் தொடங்கினார். கன்னார்க்கு ஒரு புது வாழ்வு கிடைக்கும் என்பது அவர் நினைவு. தொழில் பெருகிற்று, ஏழையர் வீடுகளில் அலுமினியக் குவளை புகுந்தது. ஆனால் தகடு முழுதும் கடல் கடந்தே வந்தது. போர் வந்து கப்பல் நின்றால் பட்டறையும் நிற்கவேண்டிய நிலை. 1943இல் ஆலுவாயில் அலுமினியம் உருக்கத் தொடங்கிய பின்னரே அக்கவலை சிறிது தணிந்தது. எம் பாட்டியார் பித்தளைக் குடத்தை விற்று அலுமினியக் குடம் வாங்கிய நாளில் அழுதாராம். மலிவும் எப்பொழுதும் மகிழ்ச்சி அன்று போலும்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவாம். 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூடி அம்பத்தூரில் சைக்கிள் ஆலை தொடங்கினர். முழுச் சைக்கிளை இறக்குமதி செய்வது கடினமாகவே, அதனை இங்கேயே செய்தல் ஊதியமாயிற்று. சைக்கிளுக்கு எஃகுக் குழாய் வேண்டும். 1955இல் ஆவடியிற் குழாய் ஆலை எழுந்தது. பின்னர் 1964ஐ ஒட்டி அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. பாடியிற் பெரிய ஆலைகள் வந்தன. செய்த பண்டத்திற்கு மிகுந்த தடையும், மூலப்பொருளுக்குக் குறைந்த தடையும் இருந்தால் பட்டறை பெருகும் என்பதற்கு இத்திசையே சான்று. ஆனால் எஃகுக்கு விலைக்கட்டுப்பாடும் பங்கீடும் இருந்த காலத்தில், தகட்டுச் சீட்டுக்காக நம் பெரியோர் கச்சேரி கச்சேரியாக அலைந்த துன்பத்தை அவர்தம் வாயாலே கேட்டிருக்கின்றோம். சீட்டு உடையவன் தகட்டை அடிப்பதைவிடச் சீட்டை விற்பதே ஊதியம் என்று கண்ட நாள்களும் உண்டு. அக்கட்டுப்பாடு 1992இல் நீங்கிற்று.

தற்காலத்தில் நிகழ்ந்தது யாது? 2021இல் எஃகின் பொதுச் சுங்கவரி ஏழரை வீதமாகக் குறைக்கப்பட்டது. ஜப்பான், கொரியா நாடுகளுடன் செய்த உடன்படிக்கைகளால் அங்கிருந்து வரும் எஃகுக்கு அதுவும் இல்லை. சீனத்தில் மிகுதியாக விளைந்த எஃகு உலகச் சந்தையின் விலையைத் தாழ்த்திற்று. அமெரிக்கா 2025இல் எஃகு, அலுமினியங்களுக்கு முதலில் 25 வீதமும் ஜூன் மாதத்தில் 50 வீதமும் வரியேற்றித் தன் வாயிலை அடைத்தது. திருகாணி முதலிய பண்டங்களும் அதனுள் அகப்பட்டன. ஓரிடம் அடைபட்ட வெள்ளம் வேறிடம் பாயுமன்றோ? இந்திய அரசாங்கத்தார் 2025 ஏப்ரலில் தட்டையான எஃகுக்கு 200 நாள் 12 வீதக் காப்பு வரி விதித்தனர்; அவ்வாண்டு டிசம்பர் முடிவில் அதனை மூன்றாண்டுக்கு, 12, பதினொன்றரை, 11 என்று இறங்கும்படி நிலைப்படுத்தினர். இறங்குமுகம் 1924ஆம் ஆண்டுத் தண்டவாள மானியத்தை ஒத்திருப்பது காண்க. எனினும் இறங்கும் அளவு மிகச் சிறிது.

எம் மாணாக்கர் குறை இது. தகடு டன் 50,000 ரூபாய் என்று கொள்வோம். 12 வீதம் 6,000. உள்நாட்டு ஆலை அவ்வளவும் ஏற்றாது. பாதி ஏற்றினாலும் கிலோ ஒன்றுக்கு 3 ரூபாய். அவர் மண்ணடிக் கடையிற் சில்லறையாக வாங்குபவர். தகட்டு விலை ஏறிய அன்றே கொடுக்கவேண்டும். அவரிடம் பண்டம் வாங்கும் பெரிய ஆலையோ விலையைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும் என்கிறது. இடைப்பட்ட நட்டம் அவருடையது. அதனினும் பெரிது மற்றொன்று: தகட்டிற்குக் காப்பு வரி உண்டு, அத்தகட்டை அயல்நாட்டில் அழுத்திச் செய்த பண்டமாகக் கொணர்ந்தால் அவ்வரி இல்லை. ஏற்றுமதி செய்வோர்க்கு வரியின்றித் தகடு வருவிக்க முன்னனுமதிச் சீட்டு உண்டு. அரை டன் வாங்கும் பட்டறைக்காரர்க்கு அதனால் என்ன பயன்?

மூத்த அன்பர் சொல்லையும் தள்ளல் ஆகாது. அயலெஃகு அடங்காமல் வந்து உள்நாட்டு உலைகள் நின்றால், பின்னர் விலை சொல்வோன் அயலானே. கஞ்சமலை உலைகள் அணைந்தபின் மீண்டும் எரியவில்லை. தூத்துக்குடிச் செம்பாலை 2018இல் மூடப்பட்டபின், ஏற்றுமதி செய்துவந்த இந்நாடு தூய செம்பை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. அவ்வாலை மூடப்பட்டதன் நியாயம் வேறு, அதனை ஈண்டு யாம் தொடவில்லை.

ஆதலின், வரியை முழுதும் நீக்குக என்று கேட்பது எமக்கு உடன்பாடன்று, வாளாவிருப்பதும் உடன்பாடன்று. தீர்மானத்தைத் திருத்தி மூன்று கேட்கலாம் என்பது எம் கருத்து. தகட்டிற்குக் காப்பு உள்ளவரை அத்தகட்டாற் செய்த பண்டத்திற்கும் அதே காப்பு வேண்டும். சிறுபட்டறைகள் கூட்டாக வாங்கினால் ஏற்றுமதிக்காரர் பெறும் விலைக்குத் தகடு கிடைக்க வழி வேண்டும். மூன்றாண்டு முடிந்ததும் வரி நீட்டிக்கப்படுமாயின், ஆலைகளின் செலவுக் கணக்கை 1924இற் போல வெளியிட்ட பின்னரே நீட்டித்தல் வேண்டும்.

கணக்கு என்றதும் நினைவு வருகின்றது. நம் மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர், அம்பத்தூர் அங்கத்தினருள் பட்டறை வைத்துள்ளார் எத்தனை பேர், மாதம் எத்தனை டன் தகடு வாங்குகின்றனர், 2025 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும் கொடுத்த விலை என்ன என்பதைச் சங்கம் இன்னும் எழுதிவைக்கவில்லை. பொதுக்கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் தத்தம் கொள்முதற் சீட்டுகளைக் கையிற் கொண்டு வருவாராக. ஐந்தாம் வகுப்பறையில் ஒரு கரும்பலகை உண்டு. கூட்டல் யாமே போடுவோம்.