லித்தியம் முதல் வெந்நீர் ஊற்று வரை: பூமிக்கு அடியில் தேடும் ஜியாலஜிஸ்ட்டின் வேலை என்ன?

ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் லித்தியம் இருப்பதாக 2023 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. 59 லட்சம் டன் என்ற எண் எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் இடம்பிடித்தது. இனி எலக்ட்ரிக் வாகன பேட்டரிகளுக்கு வெளிநாட்டை நம்பியிருக்கத் தேவையில்லை என்ற அளவுக்குப் பேச்சு போனது. அந்த இடம் ஏலத்துக்கு வந்தபோதோ போதிய நிறுவனங்கள் முன்வரவில்லை. 2024-ல் ஏலம் ரத்தானது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டாவது செய்தியைக் கவனித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

அப்படியானால் லித்தியம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. ஆனால் 'இருக்கிறது' என்பதற்கும் 'எடுக்க முடியும்' என்பதற்கும் நடுவில் பல வருட வேலை கிடக்கிறது. அதைச் செய்பவர்தான் ஜியாலஜிஸ்ட். தமிழில் நிலவியலாளர், புவியமைப்பியலாளர் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் 'புவியியல்' என்றாலே ஜியாக்ரஃபி என்று படித்துவிட்டதால், ஜியாலஜி படித்தவரிடம் நாடுகளின் தலைநகரம் கேட்கும் உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரையில் ஜியாலஜிஸ்ட் என்றே சொல்கிறோம்.

59 லட்சம் டன் என்றால் என்ன?

முதலில், அது 59 லட்சம் டன் லித்தியம் அல்ல. லித்தியம் கலந்த தாது. ஒரு டன் தாதுவில் இருக்கும் லித்தியம் சில நூறு கிராம் அளவில்தான். அதாவது முழுவதையும் தோண்டி, ஒரு துளி வீணாகாமல் பிரித்தாலும் சில ஆயிரம் டன் தேறும்.

அடுத்தது, அந்தக் கணக்கு எவ்வளவு உறுதியானது என்பது. இந்தியாவில் கனிமத் தேடல் 4 படிகளாக நடக்கிறது. ஜி4 என்பது முதல் படி. ஒரு பெரிய பரப்பைச் சுற்றிப் பார்த்து, பாறைகளை வரைபடமாக்கி, ஓடை மணலையும் மண்ணையும் பாறைத் துண்டுகளையும் சோதனைக்கு அனுப்புவார்கள். ஜி3-ல் தூரம் தூரமாக சில இடங்களில் துளை போட்டுப் பார்ப்பார்கள். ஜி2-ல் துளைகளுக்கு இடையிலான தூரம் குறையும். ஜி1 வந்தால்தான் சுரங்கத் திட்டம் போடும் அளவுக்குத் தெளிவு கிடைக்கும். ரியாசி கணக்கு ஜி3 நிலையில் வந்தது. ஊகித்த வளம் என்றுதான் அரசின் அறிவிப்பும் சொன்னது. தலைப்புச் செய்திகளில் அந்த 'ஊகித்த' காணாமல் போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலகத்துக்குக் கிடைக்கும் லித்தியத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் கடினப் பாறைகளில் இருந்தும் தென் அமெரிக்காவின் உப்பு ஏரிகளில் இருந்தும் வருகிறது. ரியாசியில் இருப்பதோ பாக்சைட்டோடு சேர்ந்த களிமண் தன்மை கொண்ட பாறை. அதிலிருந்து லாபகரமாகப் பிரித்தெடுக்கும் முறை இன்னும் பரவலாகக் கைகூடவில்லை. ஏலம் கேட்க நிறுவனங்கள் தயங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அதைவிட முக்கியமான ஒரு தகவல்: அந்தப் பகுதியில் லித்தியம் இருப்பதை இந்திய புவியியல் ஆய்வு மையமான ஜிஎஸ்ஐ-யின் அறிக்கை 1990-களிலேயே குறிப்பிட்டிருந்தது. அன்றைக்கு லித்தியம் யாருக்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை. அறிக்கை அலமாரிக்குப் போனது. இந்தத் தொழிலில் இது விதிவிலக்கு இல்லை, வழக்கம்.

களத்தில் என்ன நடக்கும்?

ஜிஎஸ்ஐ 1851-ல் தொடங்கப்பட்டது, தலைமையகம் கொல்கத்தா. நிலக்கரி தேடத் தொடங்கிய அமைப்பு, இன்று நிலச்சரிவு, பனிப்பாறை வரை எல்லாவற்றையும் பார்க்கிறது. அதன் வேலை, கள ஆண்டு என்ற கணக்கில் ஓடுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் மழை ஓய்ந்த பிறகு கேம்ப் போட்டு, கோடை உச்சத்துக்கு முன்பு திரும்புவார்கள். மழைக்காலம் அறிக்கை எழுதும் காலம். லடாக்கில் இது தலைகீழ். அங்கே கோடையில் மட்டும்தான் வேலை.

கையில் சுத்தியல், உருப்பெருக்கி லென்ஸ், பாறையின் சாய்வை அளக்கும் பிரன்டன் காம்பஸ், ஜிபிஎஸ், குறிப்பு நோட்டு. சின்ன பாட்டிலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இருக்கும். ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக்கல் என்று தெரிந்துவிடும். தினமும் பல கிலோமீட்டர் நடை. திரும்பி வரும்போது முதுகுப்பையில் கற்கள்.

துளை போடும் கட்டம் வந்துவிட்டால் நடை குறையும், பொறுப்பு கூடும். வைரம் பதித்த முனையால் வெட்டி எடுக்கும் உருளை வடிவப் பாறையை 'கோர்' என்பார்கள். அது மீட்டர் மீட்டராகப் பெட்டிகளில் அடுக்கப்படும். ஜியாலஜிஸ்ட் ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்து, எங்கே பாறை மாறுகிறது, எங்கே விரிசல், எங்கே தாதுத் தடம் என்று எழுத வேண்டும். அதை நீளவாக்கில் பிளந்து ஒரு பாதி லேபுக்குப் போகும், மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். நாளை யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க வேண்டுமே.

தொடங்கும் திட்டங்களில் பெரும்பாலானவை ஜி4, ஜி3-யிலேயே நின்றுவிடும். 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எழுதுவது தோல்வி அல்ல, அதுவும் சம்பளம் வாங்கும் வேலைதான். அந்த அறிக்கையை ஒழுங்காக எழுதாவிட்டால், 20 வருடம் கழித்து இன்னொருவர் அதே இடத்தில் பணத்தைக் கொட்டுவார்.

தாதுவைத் தேடுபவர் ஏன் வெந்நீரையும் தேடுகிறார்?

கேட்டால் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் தங்கம், தாமிரம், ஈயம் போன்ற பல தாதுக்கள், ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் ஓடிய சூடான நீர் விட்டுச் சென்ற படிவுகள். சூட்டில் கரைந்த உலோகங்கள், நீர் குளிரும்போது பாறை வெடிப்புகளில் தங்கிவிடும். தாதுவைத் தேடுபவர் என்றைக்கோ ஓடிய வெந்நீரின் தடத்தைப் பார்க்கிறார். புவிவெப்பம் தேடுபவர் இன்றைக்கு ஓடும் வெந்நீரைப் பார்க்கிறார். வெடிப்பைப் படிக்கும் கண் ஒன்றுதான்.

சாதாரணமாக பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடும். அதைவிட வேகமாகக் கூடும் இடங்கள்தான் இவர்களுக்கு வேண்டும். வெளியே வரும் ஊற்று நீரின் சூட்டை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்திருக்கும். அதனால் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை அளப்பார்கள். ஆழத்தில் சூடு அதிகமாக இருந்தால் அதிக சிலிக்கா கரைந்திருக்கும். சோடியம், பொட்டாசியம் விகிதமும் இதேபோல் உள்ளே இருக்கும் சூட்டைக் காட்டிக் கொடுக்கும். தெர்மாமீட்டரை உள்ளே விடாமலேயே 2 கிலோமீட்டர் ஆழத்தின் காய்ச்சலைப் பார்ப்பது மாதிரி.

இந்தியாவின் வெந்நீர் ஊற்றுகளைப் பட்டியலிடும் வேலை பழையது. ஜிஎஸ்ஐ-யின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாம் தொகுத்த பட்டியலை அவருடைய மகன் ஆர்.டி. ஓல்டாம் 1882-ல் வெளியிட்டார். இன்று ஜிஎஸ்ஐ கணக்கில் இருப்பவை 381. புவிவெப்பத்தில் இருந்து சுமார் 10,600 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் இன்றுவரை வணிகரீதியில் ஓடும் ஒரு புவிவெப்ப மின்நிலையம்கூட நாட்டில் இல்லை. இமாச்சலின் மணிகரணில் 5 கிலோவாட் சோதனைக் கருவி ஒன்று ஓடிப் பார்த்தது. அங்கே குருத்வாராவுக்கு வருபவர்களுக்கான அரிசி இன்றும் ஊற்று நீரிலேயே வேகிறது. நடைமுறையில் அதிகம் பயன்பட்ட புவிவெப்பம் அதுதான் என்று சொல்லிவிடலாம்.

புகா: 50 ஆண்டு தாண்டிய காத்திருப்பு

லடாக்கின் கிழக்கே, கடல்மட்டத்தில் இருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது புகா பள்ளத்தாக்கு. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பல ஊற்றுகள் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் வெளியே வருகின்றன. தரையில் வெண்காரமும் கந்தகமும் படிந்து கிடக்கின்றன.

1973-ல் உலகமே எண்ணெய் நெருக்கடியில் தவித்த நேரத்தில் இங்கே முறையான ஆய்வு தொடங்கியது. 34 துளைகள் போடப்பட்டன. மிக ஆழமானது 385 மீட்டர்தான். கிடைத்த வெப்பம் 140 டிகிரி வரை. அந்த வெந்நீரை வைத்து அறைகளைச் சூடாக்கிப் பார்த்தார்கள், வெண்காரத்தைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். பின்னர் ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமான என்ஜிஆர்ஐ நடத்திய மின்காந்த ஆய்வு, கீழே இன்னும் சூடான பகுதி இருப்பதைக் காட்டியது.

பிறகு ஏன் மின்சாரம் வரவில்லை? ஜியாலஜிஸ்ட்டின் கையில் இல்லாத காரணங்கள்தான் அதிகம். வருடத்தில் சில மாதங்கள்தான் வேலை செய்ய முடியும். ஆழத் துளை போடும் ரிக்கை அந்த உயரத்துக்குக் கொண்டுபோவதே பெரும் செலவு. அப்படியே மின்சாரம் எடுத்தாலும் அனுப்ப லைன் இல்லை. ஸ்ரீநகர் - லே மின்பாதை வந்து, லடாக் தேசிய மின்தொகுப்போடு இணைந்ததே 2019-ல்தான். காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் இல்லாத ஒரு பிரச்னையும் இங்கே உண்டு: பெரும் பணத்தைச் செலவழித்துத் துளை போட்ட பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பது உறுதியாகும்.

2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி எனர்ஜி சென்டர், லடாக் நிர்வாகம், லே மலை மேம்பாட்டுக் கவுன்சில் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. முதல் கட்ட இலக்கு 1 மெகாவாட் வரையிலான முன்னோடி நிலையம். 2022 ஆகஸ்ட்டில் துளையிடும்போது வெந்நீரும் நீராவியும் அழுத்தத்தோடு பீறிட்டு, பக்கத்து ஓடையில் கலந்ததாகச் செய்திகள் வர, பணி நிறுத்தப்பட்டது. சாதாரண கனிமத் துளைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அழுத்தத்தில் அடைபட்ட 140 டிகிரி நீர், மூடி திறந்ததும் சட்டென்று ஆவியாக விரியும். குக்கரை விசில் அடங்காமல் திறப்பது போல. அந்த நீரில் போரான் போன்றவை அதிகம். கீழே ஓடை, ஈர நிலம், பஷ்மினா ஆடு மேய்க்கும் சாங்பா மக்களின் மேய்ச்சல் வெளி. ஒரு துளையை எங்கே போடுவது என்று வரைபடத்தில் புள்ளி வைப்பவர், இதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இதில் தாமதம் இந்தியாவுக்கு மட்டும் உரியதும் இல்லை. கென்யாவின் ஓல்காரியாவில் 1950-களில் துளை போடத் தொடங்கினார்கள். மின்சாரம் வந்தது 1981-ல். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி புவிவெப்பத்தில் இருந்து வருகிறது.

எல்லாக் கதையும் இப்படி இழுப்பதில்லை. ஜிஎஸ்ஐ-யில் தனக்கு ஜூனியராக இருந்தவருக்குப் பதவி போனதால் 1903-ல் வெளியேறியவர் பிரமதநாத் போஸ். மயூர்பஞ்சில் தான் கண்ட இரும்புத் தாது பற்றி 1904-ல் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதினார். 1912-ல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வந்துவிட்டது. பணம், ரயில், சந்தை எல்லாம் சேர்ந்து அமைந்தால் 8 வருடம், இல்லாவிட்டால் புகா.

இந்த வேலைக்குப் போவது எப்படி?

மத்திய அரசுப் பணிக்கு வழி, யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. ஜியாலஜியிலோ அது சார்ந்த பாடத்திலோ முதுநிலைப் பட்டம் வேண்டும். வயது 21 முதல் 32 வரை; இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலைத் தேர்வு 400 மதிப்பெண், முதன்மைத் தேர்வு 600, நேர்முகம் 200. குரூப் ஏ பணி, 7-வது சம்பளக் கமிஷன் அட்டவணைப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இதே தேர்வில் நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். ஜிஎஸ்ஐ-யில் சேர்ந்தவர்களுக்கு ஹைதராபாத்தில் பயிற்சி. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி எனத் தமிழ்நாட்டில் ஜியாலஜி சொல்லித்தரும் இடங்கள் உண்டு. ஜிஎஸ்ஐ-யின் முதல் இந்தியத் தலைவராக 1951-ல் பொறுப்பேற்ற எம்.எஸ். கிருஷ்ணன் தஞ்சாவூர்க்காரர்.

புவிவெப்பத்தை மட்டும் நம்பி இந்தியாவில் வேலை தேடினால் கஷ்டம்தான். கனிமத்தில் தொடங்கி, நிலத்தடி நீரில் சில காலம், எண்ணெய்த் துறையில் சில காலம் என்று போகிறவர்களே அதிகம். வளரும் நாடுகளின் நிபுணர்களுக்கு ஐஸ்லாந்து 1979 முதல் ஆறு மாதப் புவிவெப்பப் பயிற்சி நடத்திவருகிறது. பெண்களுக்கு நீண்ட காலம் ஒரு சட்டத் தடை இருந்தது: 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டம் அவர்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்ய விடவில்லை. தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு, பகல் நேரத்தில், 2019-ல்தான் அனுமதி வந்தது.

இப்போது வேலை கூடியிருக்கிறது. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கம், 2030-31-க்குள் 1,200 தேடல் திட்டங்களை ஜிஎஸ்ஐ-யிடம் கொடுத்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் புவிவெப்பத்துக்கான தேசியக் கொள்கையும் வந்தது. கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளைப் புவிவெப்பத்துக்குப் பயன்படுத்தும் யோசனை அதில் உண்டு. 2023 டிசம்பரில் தொடங்கிய தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தில், அலமாரியில் தூங்கிய ஆய்வுத் தரவுகளைப் பதிவு செய்த எவரும் பார்க்கலாம்.