இணைப்புப் பரிமாற்றம்

இணைப்புப் பரிமாற்றம் என்பது வலைத்தளம் ஒன்றை நடத்துபவர் மற்றொருவரின் தளத்துக்கு மீயிணைப்புக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தமது தளத்துக்கும் ஓர் இணைப்பைப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைக் குறிக்கும். விரிந்த பொருளில், விளம்பரப் பட்டைகளை மாற்றிக்கொள்ளுதல், ஒருவர் தளத்தில் மற்றவர் விருந்தினராக எழுதுதல், நிகழ்பட அலைவரிசைகள் ஒன்றையொன்று பரிந்துரைத்தல் ஆகியனவும் இதில் அடங்கும். விளம்பரத்துக்குச் செலவிடப் பணம் இல்லாத எழுத்தாளர்களும் சிறு வணிகர்களும் இணையத்தில் வாசகரைப் பெறுவதற்குக் கைக்கொண்ட மிகப் பழைய வழி இதுவே எனலாம்.

இவ்வழக்கம் கூகிளுக்கு முற்பட்டது. தொடக்கத்தில் இது அயலார்க்குச் செய்யும் உதவியாகவே கருதப்பட்டது. பின்னர் இதன் சில வடிவங்களைத் தேடுபொறி நிறுவனங்கள் எரிதத்தின் ஒரு வகையாகவே கணிக்கத் தொடங்கின. இணைப்பைப் படிப்பவர் மனிதராக இருந்த நிலை மாறி, அதனை எண்ணுவது இயந்திரமாக ஆனமையே இதற்குக் காரணம்.

வலைவளையங்கள்

1990களின் நடுப்பகுதியில் ஒரு துறை சார்ந்த பக்கங்களைத் தேடிக் கண்டறிவது எளிதன்று. 1994 இல் தொடங்கப்பட்ட யாகூ போன்ற விபரக்கொத்துகளில் மனிதர்களே பக்கங்களைப் பார்வையிட்டு வகைப்படுத்தினர். அவற்றில் இடம்பெறாத பக்கம் பெரும்பாலும் கண்ணுக்குப் படாத பக்கமாகவே இருந்தது.

இந்நிலையில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டெனிசு ஓவ் என்பவர், ஒவ்வொரு பக்கமும் அடுத்த பக்கத்துக்கு மட்டும் இணைப்புக் கொடுக்கும் சங்கிலி ஒன்றை 1994 இல் தொடங்கினார். கடைசிப் பக்கம் முதற் பக்கத்துக்கே திரும்பும். இவ்வமைப்பில் ஒரு குறை இருந்தது. இடையில் ஏதேனும் ஒரு பக்கம் செயலிழந்தால் சங்கிலி அவ்விடத்திலேயே அறுந்துவிடும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த மாணவர் சேச் வெயில், உறுப்பினர் பட்டியலை ஒரே வழங்கியில் வைத்து இக்குறையைத் தீர்த்தார். "அடுத்தது" என்னும் இணைப்பை அழுத்தும் பயனர் முதலில் அவ்வழங்கிக்குச் செல்வார். வழங்கி அவரைப் பட்டியலில் அடுத்துள்ள தளத்துக்கு அனுப்பும். செயலிழந்த தளத்தைத் தாண்டிச் செல்லவும் இதனால் முடிந்தது. 1995 இல் இது வெப்ரிங் என்னும் பெயரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. (பரவலாகப் பயன்படும் செப் என்னும் சேமிப்பக மென்பொருளைப் பின்னாளில் உருவாக்கியவரும் இவரே.)

ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். சேர விரும்பும் தளத்தை அவர் நேரில் பார்த்து, பொருத்தமானதெனக் கண்டால் மட்டுமே சேர்த்துக்கொள்வார். தொடருந்து மாதிரிகளைச் சேகரிப்போர், ஒரே நோயால் பாதிக்கப்பட்டோர், ஒரே நூலை விரும்புவோர் எனக் குறுகிய வட்டங்களே வளையங்களாயின. பொறுப்பாளரின் இந்தச் சிறு உழைப்பே வளையத்தின் மதிப்பு. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குச் செல்லும் வாசகர், அங்கும் தமக்கு வேண்டியது இருக்கும் என நம்பிச் செல்ல முடிந்தது.

வெப்ரிங்கை நடத்திய நிறுவனத்தை 1998 இல் சியோசிட்டீசும், சியோசிட்டீசை 1999 இல் யாகூவும் வாங்கின. 2000 இல் யாகூ இதனைத் தன் கணக்கு முறைக்குள் கொண்டுவந்து மாற்றியமைத்தபோது, பொறுப்பாளர் பலர் தத்தம் வளையங்களைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டிலேயே யாகூவும் இச்சேவையைக் கைகழுவியது.

விளம்பரப் பட்டைப் பரிமாற்றம்

டோனி சே, சஞ்சய் மதன் ஆகிய இருவரும் 1996 இல் தொடங்கிய லிங்க் எக்சுசேஞ்சு, இவ்வழக்கத்துக்குக் கணக்குப் புத்தகம் ஒன்றை உருவாக்கியது. உறுப்பினர் ஒருவர் தம் பக்கத்தில் பிறரின் விளம்பரத்தை 2 முறை காட்டினால், அவருடைய விளம்பரம் பிறர் பக்கங்களில் 1 முறை காட்டப்படும். அதாவது, 1,000 காட்சிகளுக்கு 500 திரும்பக் கிடைக்கும். எஞ்சிய 500 காட்சிகளை நிறுவனம் விளம்பரதாரர்களுக்கு விற்றுக்கொள்ளும். சிறு தளங்களுக்கு இது செலவில்லாத விளம்பரமாக அமைந்தது. 1998 இல் மைக்ரோசாப்ட் இந்நிறுவனத்தை 26.5 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் வாங்கியது. அங்கு விலைபோனது பெரும்பாலும் உறுப்பினர்கள் தம் பக்கங்களில் ஒருவருக்கொருவர் ஒதுக்கிக் கொடுத்த இடமே என்பது கவனிக்கத்தக்கது.

பக்கத்தரம்

லாரி பேச், செர்சி பிரின் ஆகியோர் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 1998 இல் கூகிள் தேடுபொறிக்கு அடிப்படையாக்கிய பக்கத்தரம் என்னும் கணிப்புமுறை, இணைப்பைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டது. ஒரு பக்கத்தின் மதிப்பு, அதனைச் சுட்டும் பக்கங்களின் மதிப்பைப் பொறுத்தது. சுட்டும் பக்கம் தன் மதிப்பைத் தான் கொடுக்கும் இணைப்புகளுக்கிடையே பகிர்ந்தளிக்கின்றது. எடுத்துக்காட்டாக, ஒரு பக்கத்தின் மதிப்பு 12 என்றும், அதில் 3 இணைப்புகள் உள்ளன என்றும் கொண்டால், ஒவ்வொன்றுக்கும் 4 சேரும். 60 இணைப்புகள் இருந்தால் 0.2 மட்டுமே சேரும். (நடைமுறையில் இதனை ஒரு குறைப்புக் காரணியாலும் பெருக்குவர்.) "நண்பர்களின் தளங்கள்" என்று நீண்ட பட்டியல் இடும் பக்கத்தால் எவருக்கும் பெரும்பயன் விளையாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றையொன்று மட்டுமே சுட்டிக்கொள்ளும் இரு பக்கங்கள் உள்ளே வரும் மதிப்பை வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளும் என்பதை இதனை உருவாக்கியோர் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். பயனர் அவ்வப்போது சலிப்புற்று வேறேதோ ஒரு பக்கத்துக்குத் தாவுவார் என்னும் கற்பிதத்தைக் கணிப்பில் சேர்த்து அத்தேக்கத்தை உடைத்தனர். கணித அளவில் சிக்கல் தீர்ந்தது. மனிதர் அளவில் அப்போதுதான் தொடங்கியது.

2000 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த கூகிள் கருவிப்பட்டை, ஒவ்வொரு பக்கத்தின் தரத்தையும் 0 முதல் 10 வரையிலான எண்ணாகக் காட்டியது. அதுவரை "உங்கள் கட்டுரை நன்று, இணைப்புக் கொடுக்கிறேன்" என்றிருந்தது, "உங்கள் பக்கத்தின் எண் எத்தனை?" என்று மாறியது. எண்ணுக்கேற்ப இணைப்புகள் விலைக்கு விற்கப்பட்டன. அவ்வாறு விற்பனைக்கு இடைத்தரகாக இருந்த சர்ச் கிங் என்னும் நிறுவனம், தன் தரத்தைக் கூகிள் குறைத்துவிட்டதாக 2002 இல் ஒக்லகோமாவில் வழக்குத் தொடுத்தது. பக்கத்தரம் என்பது கூகிளின் கருத்து, அது பேச்சுரிமையால் காக்கப்படுவது எனக் கூறி நீதிமன்றம் 2003 இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிறர் தரும் இணைப்பை நம்பிப் பிழைக்கும் எவருக்கும் அம்மதிப்பின் மீது உரிமை கிடையாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். எண்ணைப் பொதுமக்களுக்குக் காட்டுவதைக் கூகிள் 2016 இல் நிறுத்தியது.

கட்டுப்பாடுகள்

2005 சனவரியில் கூகிளும் யாகூ, எம்.எசு.என் ஆகியனவும் நோஃபாலோ என்னும் குறிப்பை ஏற்றுக்கொண்டன. இக்குறிப்பு இடப்பட்ட இணைப்பு வாசகரை அழைத்துச் செல்லும்; ஆனால் தரக் கணிப்பில் பரிந்துரையாகக் கொள்ளப்படாது. வலைப்பதிவுகளின் மறுமொழிப் பகுதிகளில் குவிந்த எரிதங்களைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆங்கில விக்கிப்பீடியா 2007 இல் தன் வெளியிணைப்புகள் அனைத்துக்கும் இதனை இட்டது. 2019 முதல் கூகிள் இதனை ஒரு குறிப்புதவியாக மட்டுமே கருதுகின்றது.

இரு தளங்கள் நேரடியாக மாற்றிக்கொள்ளும் இணைப்புகளை இயந்திரம் எளிதில் கண்டுகொண்டது. எனவே முதலாமவர் இரண்டாமவருக்கும், இரண்டாமவர் மூன்றாமவருக்கும், மூன்றாமவர் முதலாமவருக்கும் கொடுக்கும் முக்கோண முறை தோன்றியது. வெளித்தோற்றத்தில் இது பழைய வலைவளையமே. ஆயின் வளையம் வாசகருக்குத் தெரியும்படி அமைந்தது. முக்கோணமோ தெரியாமல் இருப்பதற்காகவே அமைக்கப்பட்டது.

2012 ஏப்ரலில் வெளியான பென்குயின் என்னும் கணிப்புமுறை மாற்றம், செயற்கையான இணைப்புகளால் உயர்ந்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. பலர் தாம் முன்பு கேட்டு வாங்கிய இணைப்புகளை நீக்குமாறு மீண்டும் மடல் எழுத நேர்ந்தது. நீக்குவதற்குக் கட்டணம் கேட்டோரும் உண்டு! வேண்டாத இணைப்புகளைக் கணக்கில் கொள்ளாதிருக்கக் கோரும் கருவியை அதே ஆண்டு அக்டோபரில் கூகிள் வெளியிட்டது.

மிகுந்த சர்ச்சைக்குரியதாக அமைந்தது மை பிளாக் கெசுட்டு நிகழ்வாகும். ஆன் சுமார்டி தொடங்கிய இச்சேவை, எழுத விரும்புவோரையும் எழுத்து வேண்டுவோரையும் சேர்த்துவைத்தது. எழுதுபவர்க்குத் தம் தளத்துக்கான இணைப்பும், வெளியிடுபவர்க்குக் கட்டுரையும் கிடைத்தன, பணம் கைமாறவில்லை. 2014 சனவரியில் கூகிளின் எரிதத் தடுப்புக் குழுத் தலைவர் மேட் கட்சு, இணைப்புக்காக விருந்தினர் பதிவு எழுதும் முறை கெட்டுவிட்டதாக அறிவித்தார். மார்ச்சில் அச்சேவை தண்டனைக்கு உள்ளானது. தன் பெயரைக் கொண்டு தேடினாலும் தென்படாத நிலைக்கு அது தள்ளப்பட்டது. நேர்மையாக எழுதியோரும் இதனால் பாதிக்கப்பட்டனர் என்பது ஒரு சாராரின் வாதம். இணைப்பில் நோஃபாலோ இடக்கூடாது என்று அச்சேவை வற்புறுத்தியதே அதன் உண்மை நோக்கத்தைக் காட்டுகிறது என்பது மறுசாராரின் வாதம். இரண்டாவது வாதமே வலுவானதாகத் தோன்றுகின்றது. வாசகரை அனுப்புவது மட்டுமே நோக்கமாயின், நோஃபாலோ இட்ட இணைப்பும் அதனைச் செய்திருக்கும்.

தமிழ் வலைப்பதிவுகளில்

தமிழில் வலைப்பதிவுகள் 2003 அளவில் பெருகத் தொடங்கின. அப்போது பதிவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி இணைப்போடு நிற்கவில்லை. எ-கலப்பை கொண்டு தட்டச்சுவது எப்படி, பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவது எப்படி என்பனவும் பின்னூட்டங்கள் வழியாகவே கற்பிக்கப்பட்டன. சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றி இதில் பெரிதும் பயன்பட்டது. காசி ஆறுமுகம் 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டியது. வலைச்சரம் என்னும் கூட்டு வலைப்பதிவில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியப் பொறுப்பேற்று, தாம் படித்த பிற பதிவுகளை அறிமுகப்படுத்தினார். வலைவளையப் பொறுப்பாளரின் பணியைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொண்டதற்கு இதனை ஒப்பிடலாம். திரட்டிகளில் வாக்களிக்கும் வசதி வந்தபின், படிக்காமலே ஒருவருக்கொருவர் வாக்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் இங்கே தோன்றியது.

நிகழ்படத் தளங்களிலும் சமூக வலைத்தளங்களிலும்

யூடியூபில் 2018 இல் விளம்பர வருவாய் பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என விதிக்கப்பட்டது. "எனக்குச் சந்தா சேருங்கள், உங்களுக்குச் சேர்கிறேன்" என்னும் பரிமாற்றத்தை யூடியூப் தன் விதிகளில் தடைசெய்துள்ளது. அதனால் பெரும்பயனும் இல்லை: மாற்றிக்கொண்ட சந்தாதாரர் நிகழ்படத்தைப் பார்ப்பதில்லை; எனவே முதல் எண்ணிக்கை நிரம்பினாலும் இரண்டாவது நிரம்புவதில்லை. இருவர் சேர்ந்து ஒரு நிகழ்படம் உருவாக்கும் முறைக்கு இத்தடை பொருந்தாது. சமையற்கலைஞர் ஒருவரும் பயண நிகழ்படக்காரர் ஒருவரும் சேரும்போது, இருவரின் பார்வையாளரும் மற்றவரின் வேலையை நேரில் பார்த்தே முடிவு செய்கின்றனர். இன்சுடாகிராமில் குழு அமைத்து ஒருவரின் படங்களுக்கு மற்றவர் விருப்பக்குறி இடுவது முதல் வகையைச் சேர்ந்தது.

இந்தியாவில் 2023 சனவரியில் வெளியான நுகர்வோர் விவகாரத் துறையின் வழிகாட்டல், பரிந்துரைப்பவருக்கும் பரிந்துரைக்கப்படும் பொருளுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்கின்றது. பணம் மட்டுமன்றிப் பண்டமாற்றும் அத்தொடர்பில் அடங்கும்.

வலைவளையங்களின் மீள்வரவு

2010களின் இறுதியிலிருந்து, சமூக வலைத்தளங்களுக்கு வெளியே தனித்தளம் நடத்துவோர் வலைவளையங்களை மீண்டும் அமைத்து வருகின்றனர். நிரலாளர், ஓவியர், இசைஞர் எனக் குறுகிய வட்டங்களே இவற்றிலும் உள்ளன. பெரும்பாலான வளையங்களில் சேர்வதற்குத் தம் பக்கத்தின் அடியில் "முந்தையது", "அடுத்தது" என்னும் இரு இணைப்புகளை இடுவதே நிபந்தனை. அவற்றை நீக்கிய தளத்தைப் பொறுப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்.