கிட்டம் கூறும் வரலாறு

மண்ணைக் கிளறும்போது பொன்னோ மணியோ கிடைத்தால் போற்றிக் காப்பவர், கருகிய கல்லைப் போன்ற கட்டியொன்று கிடைத்தால் காலால் எற்றிவிட்டுச் செல்வர். ஆயினும், பண்டைத் தொழில் வாழ்வை உரைப்பதில் பொன்னினும் அக்கட்டியே வல்லது. தாதுவை உலையிலிட்டு இரும்பைப் பிரிக்குங்கால் ஒதுங்கும் கழிவே அது. தமிழில் அதற்குக் கிட்டம் என்று பெயர். இரும்புக் கருவி துருவேறி அழியும். வாணிகத்தில் கைமாறிச் சேய்மை செல்லும். கிட்டமோ பெரும்பாலும் உலையின் அருகிலேயே கிடக்கும்.

கெடா மாநிலத்துச் சுங்கை பத்து இதற்குச் சான்று. 2009ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்குத் தொடங்கிய அகழாய்வில் கிட்டக் குவியல்களும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் ஊதுகுழல்களும் வெளிப்பட்டன. சோழர் காலத் தமிழர் கடாரம் என வழங்கிய நிலப்பகுதி, வாணிகத்திற்கும் வழிபாட்டிற்கும் மட்டுமன்றி இரும்புத் தொழிலுக்கும் உரியதாய் இருந்தது என்பதை அவை மெய்ப்பித்தன.

கிட்டத்தை எவ்வாறு அறிவது? நம் நாட்டுச் செம்புரைக்கல்லும் கருஞ்சிவப்பாய், துளைகளோடு, கனத்திருக்கும். கண்டோர் மயங்குவது இயல்பே. காந்தத்தை மட்டும் நம்பி முடிவு செய்தலும் தவறாகும். உருகி ஓடியதன் அடையாளமே சிறந்த சான்று. குழம்பு வழிந்து உறைந்தாற்போன்ற மேற்பரப்பும், உடைத்த முகத்தில் காற்றுக் குமிழிகளும், ஒட்டிய கரித்துண்டும் காணப்பட்டால் அது கிட்டமாதல் கூடும். அருகே ஊதுகுழல் துண்டும் கிடைப்பின் ஐயம் பெரிதும் அகலும். பட்டடையில் இரும்பை அடித்த இடமாயின், சம்மட்டி அடியில் தெறித்த மெல்லிய செதில்கள் மண்ணில் கலந்திருக்கும்.

காலத்தைக் கணித்தல் இதனினும் அரிது. பழைய உருக்கு முறை பல நூற்றாண்டுகள் பெரிதும் மாறாமையால், தோற்றத்தை மட்டும் கொண்டு கிட்டத்தின் வயதைக் கூற இயலாது. அதனுள் சிக்கிய கரியே துணை செய்யும். கரியிலுள்ள கதிரியக்கக் கரிமம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும்; எஞ்சியதை அளந்து காலம் காண்பர். ஆனால் அது மரம் வளர்ந்த காலமேயன்றி உலை மூட்டிய காலம் அன்று. முதுமரத்தின் உள்வயிரத்தை எரித்திருந்தால் விடை பல்லாண்டு முந்தியதாகிவிடும். ஆகவே, சுடுமண் இறுதியாகச் சூடேறிய காலத்தை ஒளிர்வு முறையால் கண்டு ஒப்பிடுவர். சுங்கை பத்தின் தொடக்கம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என அகழ்ந்தோர் அறிவித்தனர். அத்துணைத் தொன்மையை ஏற்கத் தயங்கும் அறிஞரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்க வல்லவை, எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தன என்று அறியப்பட்ட பொருள்களே.

பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளை 19ஆம் நூற்றாண்டில் உலகறியச் செய்த கர்னல் ஜேம்ஸ் லோ, தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆர்வலர் கண்கள் இன்றும் வேண்டப்படுவனவே. கைகள்தாம் பொறுத்திருத்தல் வேண்டும். கண்டெடுத்தவர் அதனைக் கழுவி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் கிட்டம் இருக்கும், வரலாறு இராது. கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்து, 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் பணிக்கின்றவாறு மாவட்ட அதிகாரிக்கேனும் அறிவித்தல் கடன். மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டிய முதற்பாடமும் அதுவே.