சப்பாத்தியும் காணொளியும்: ‘அனுப்பியவர் யார்?’ என்னும் கேள்வி

ஏதேனும் ஒரு காணொளி ஓரிரவில் நாடெங்கும் பரவிவிட்டால், மறுநாள் காலையில் எழும் முதற்கேள்வி ‘இதற்குப் பின்னால் இருப்பவர் யார்?’ என்பதே. காசு கொடுத்துப் பரப்பினார்கள் என்பார் ஒருவர். ஏதோ ஒரு கட்சியின் இணையப் பிரிவு என்பார் மற்றொருவர். அல்காரிதத்தையே கைக்குள் வைத்திருக்கிறார்கள் என்பார் மூன்றாமவர். அண்மையில் மாணவர்களுடனான உரையாடல் ஒன்றும் சுற்றிச்சுற்றி இக்கேள்வியிலேயே வந்து நின்றது. அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அது இணையத்தைப் பற்றியதன்று, 1857ஆம் ஆண்டைப் பற்றியது.

அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் ஊர்விட்டு ஊர் சப்பாத்திகள் பயணம் செய்தன. மதுராவில் மாஜிஸ்திரேட்டாக இருந்த மார்க் தார்ன்ஹில், மட்டமான மாவில் சுட்ட நான்கு சிறு சப்பாத்திகள் தம் அலுவலக மேசைமீது கிடந்ததைப் பிற்கால நினைவுக்குறிப்பில் பதிவுசெய்திருக்கிறார். விசாரித்ததில் கிடைத்த விவரம் இதுதான்: யாரோ ஒருவர் வந்து, சௌகிதார் எனப்பட்ட ஊர்க்காவலரிடம் ஒரு சப்பாத்தியைக் கொடுத்து, ‘இதுபோல் நான்கு சுட்டு அண்டை ஊர்க் காவலர்களிடம் கொடு, அவர்களையும் அவ்வாறே செய்யச் சொல்’ என்று கூறிவிட்டுப் போனார். கடிதம் இல்லை, குறியீடு இல்லை, காரணமும் சொல்லப்படவில்லை. ஆக்ராவிலிருந்த ஜார்ஜ் ஹார்வி என்ற அதிகாரி, சப்பாத்தி ஓரிரவில் நூறு மைலுக்கும் மேல் முன்னேறுவதாகக் கணக்கிட்டார். கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் அரசின் அஞ்சலோட்டத்தை விஞ்சும் ஒன்று தம் கண்முன்னே ஓடுவதைக் கண்ட அதிகாரவர்க்கத்தின் கலக்கம் அந்த எண்ணில் தெரிகிறது.

மே 10 அன்று மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், சப்பாத்தி சதியின் சான்றாக மாறியது. 1858 ஜனவரியில் செங்கோட்டையில் பகதூர் ஷா ஜஃபர்மீது விசாரணை தொடங்கியபோது, அரசுத்தரப்பில் வழக்கை நடத்திய மேஜர் ஹாரியட் கிளர்ச்சி முழுவதற்கும் பின்னால் ஒரு பெரும் முஸ்லிம் சதியை நிறுவ முயன்றார். சப்பாத்தி பற்றியும் சாட்சிகளிடம் வினவப்பட்டது. ஜாட் மல் என்பவரின் மறுமொழியை நான் அடிக்கடி திரும்பப் படிப்பதுண்டு. வரவிருக்கும் ஏதோ கேட்டைத் தவிர்க்கும் சடங்கு என்று சிலர் சொன்னார்கள்; கிறித்தவர்கள் உண்ணும் உணவையே எல்லாரும் உண்ண வேண்டிவரும் என்பதை உணர்த்த அரசாங்கமே அனுப்பியது என்று வேறு சிலர் சொன்னார்கள் என்பது அவர் தந்த சாட்சியத்தின் சாரம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஆள்வோர் அதனைக் கிளர்ச்சியாளர்களின் சதி என்றனர். ஆளப்பட்டோரில் ஒரு சாரார் அதே சப்பாத்தியை ஆள்வோரின் சதி என்றனர். இருதரப்பும் ஒன்றில் உடன்பட்டிருந்தன: இதற்கு ஓர் அனுப்புநர் இருந்தே தீர வேண்டும்.

கிம் வாக்னர் தம் 2010ஆம் ஆண்டு நூலில், நோயை ஊரெல்லைக்கு வெளியே தள்ளிவிடும் மத்திய இந்தியச் சடங்குகளோடு இதனைத் தொடர்புபடுத்துகிறார். தோற்றத்தைப் பொறுத்தவரை எனக்கு ஏற்புடைய விளக்கம் அதுவே. ஆனால் தோற்றத்தைவிடப் பயணமே முக்கியமானது. சில ஊர்களைக் கடப்பதற்குள் சடங்கின் பொருள் உதிர்ந்துவிட்டது; ‘சுட்டு அனுப்பு’ என்ற கட்டளை மட்டும் எஞ்சியது. அதை ஏற்றவர் யார் என்பதையும் பாருங்கள். சௌகிதார், ஊருக்கும் காவல்துறைக்கும் நடுவே நின்றவர். மேலிருந்து வருவதைக் காரணம் கேளாமல் கொண்டுசேர்த்துப் பழகியவர். அனுப்பாமல் நிறுத்தினால் ஊருக்குக் கேடு வருமோ, அதிகாரியின் சினம் வருமோ என்று அவருக்குத் தெரியாது. நான்கு சப்பாத்தி சுடுவது அந்த அச்சத்தைவிட மலிவானது. வதந்தியில் கேட்பவரே சொல்பவராகவும் ஆகிறார், ஆகவே அதற்கு ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை என்று ரணஜித் குஹா 1983இல் எழுதியதை இந்த இடத்தில் பொருத்திப் பார்க்கலாம்.

இனி 2018க்கு வருவோம். அவ்வாண்டு இந்தியாவெங்கும் பரவிய பிள்ளைபிடிப்புக் காணொளி ஒன்றில், இருசக்கர வாகனத்தில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலத்தில் அவர்கள் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைத் தூக்கிக் காட்டுகின்றனர். அந்த இறுதிப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. பொருளுரைக்கும் பகுதி நீங்கியதும், ஒவ்வொரு ஊரும் தன் அச்சத்தைத் தன் மொழியில் அதில் எழுதிக்கொண்டது. பரப்பியவர்களுள் பெரும்பாலோர் உறவினர் குழுக்களிலிருந்த பெற்றோர் என்றே கருதுகிறேன். ‘பொய்யாக இருந்தால் இழப்பில்லை, உண்மையாக இருந்து நான் சொல்லாமல் விட்டால்?’ என்பது அவர்களது கணக்கு. சௌகிதாரின் கணக்கும் அதுவே. ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரைன்பாடாவில், பிச்சை கேட்டு வந்த நாடோடிச் சமூகத்தினர் ஐவர் பிள்ளைபிடிப்போர் என ஐயுறப்பட்டு ஊராட்சி அலுவலகத்துக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டனர்.

மறுப்பு ஏன் பயன்படவில்லை என்று கேட்கலாம். 1857இல் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு எழுந்தபோது, அரசு சிப்பாய்களையே தமக்குகந்த நெய்ப்பொருளைப் பூசிக்கொள்ள அனுமதித்தது. பல்லால் கடிப்பதற்குப் பதில் கையால் கிழிக்கவும் பயிற்சிமுறையை மாற்றியது. குற்றமில்லை என்றால் ஏன் மாற்ற வேண்டும் என்று சிப்பாய்கள் கருதினர். சதிக்கோட்பாட்டுக்குள் நின்று பார்ப்பவருக்கு மறுப்பும் ஒரு சான்றுதான். 2018 ஜூன் 28 அன்று திரிபுராவில், வதந்திகளை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராக ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசு அமர்த்தியிருந்த ஒருவரையே பிள்ளைபிடிப்பவர் என்று கருதி மக்கள் கொன்றனர்.

திட்டமிட்டுப் பரப்புவோரே இல்லை என்பதன்று என் வாதம். கூலிக்குப் பரப்புவோர் இருக்கிறார்கள். அந்தக் காணொளியின் முடிவை வெட்டியதும் ஏதோ ஒரு கைதான். ஆனால் அந்தக் கையைக் கண்டுபிடித்தாலும், அடுத்த இலட்சம் கைகள் ஏன் இயங்கின என்பது விளங்கிவிடாது. வாட்ஸ்அப் நிறுவனம் இதனைப் புரிந்துகொண்டதாகவே தோன்றுகிறது. 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வரம்பிட முற்பட்டது. மதுராச் சௌகிதாருக்குச் சொல்லப்பட்ட எண் நான்கு.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜஃபர் விசாரணை நடவடிக்கைகளைப் படிக்கும்போது விடைகளோடு நிறுத்திவிடாமல், கேள்விகளையும் தனியே எடுத்தெழுதிப் பாருங்கள். ஜாட் மல் செய்தி எழுதும் தொழிலர். சப்பாத்தியைச் சுட்டவரோ சுமந்தவரோ அல்லர்.