அரசுக் கொள்முதலும் சுழற்சிப் பொருளாதாரமும்

கழிவை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் சுழற்சிப் பொருளாதாரத்தில் அரசின் பங்கு சட்டம் போடுவதோடு முடிவதில்லை. சாலை, கட்டடம், தளவாடம் எனப் பலவற்றையும் அரசு பெருமளவில் வாங்குகிறது. டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்ந்தாலே கழிவுக்குச் சந்தை பிறந்துவிடும்.

இந்தியாவில் இதற்கு நல்ல சான்று பிளாஸ்டிக் தார்ச்சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் (பத்மஸ்ரீ, 2018) உருவாக்கிய முறை இது. நறுக்கிய பிளாஸ்டிக்கை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள ஜல்லியில் தூவினால் உருகிப் படலமாய் ஒட்டிக்கொள்ளும். பிறகு தார் கலப்பார்கள். தாரும் ஓரளவு மிச்சமாகும். பி.வி.சி. மட்டும் ஆகாது, சூட்டில் நச்சு வாயு விடும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிளாஸ்டிக்கை நறுக்கித் தந்தன.

சாலைப் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2013இல் இம்முறைக்கு வழிகாட்டி வெளியிட்டது. அப்படியொரு தாள் இல்லாமல் எந்தப் பொறியாளர் மதிப்பீட்டில் கையெழுத்திடுவார்? 2015இல் மத்திய அரசு, 5 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களின் சுற்றுவட்டார நெடுஞ்சாலைப் பணிகளில் இம்முறையைக் கட்டாயமாக்கியது.

ஆனால் சாலையில் சேர்ந்த பிளாஸ்டிக் மறுபடி பையாவதில்லை; இதை அரைச்சுழற்சி என்பதே பொருத்தம். தரம் பிரித்த, மண் படாத பிளாஸ்டிக் தொடர்ந்து கிடைப்பதும் ஒப்பந்ததாரருக்குத் தலைவலிதான்.