தானியங்கி நிறுவலில் புதுப்பிப்புகளைச் சேர்த்தல்

கணினியின் முன் அமர்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒருவர் விடை சொல்லாமலே இயங்குதளத்தைப் பதிக்கும் முறை தானியங்கி நிறுவல் எனப்படும். மொழி, நேர மண்டலம், கணினியின் பெயர், உரிம எண் முதலிய விடைகள் முன்கூட்டியே ஒரு விடைக்கோப்பில் எழுதி வைக்கப்படும். இயங்குதளம் வெளியான பிறகு வந்த சர்வீஸ் பேக், பாதுகாப்புப் பேட்ச், டிரைவர் ஆகியவற்றை நிறுவல் மூலத்திலேயே சேர்த்துவிடுவது இம்முறையின் முக்கியமான கிளை. இப்படிப் பதித்த கணினி முதல்முறை உயிர்பெறும்போதே புதுப்பித்த நிலையில் இருக்கும். விண்டோஸ் வட்டாரத்தில் இதனை ஸ்லிப்ஸ்ட்ரீமிங் என்பர்.

தேவை

நிறுவல் சிடி அச்சான நாளோடு அதன் உள்ளடக்கம் உறைந்துவிடுகிறது. இயங்குதளத்தின் குறைகளோ அதன் பிறகும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்த இடைவெளியை மூட இரண்டு வழிகள் உண்டு: பதித்த பிறகு இணையத்திலிருந்து பேட்ச்களை இறக்கலாம்; அல்லது பதிப்பதற்கு முன்பே மூலத்தில் சேர்க்கலாம். முதல் வழியில் நாற்பது கணினிகள் உள்ள ஓர் ஆய்வகம் அதே கோப்புகளை நாற்பது முறை இறக்க வேண்டும். இறக்கி முடியும்வரை ஒவ்வொரு கணினியும் பாதுகாப்பின்றி இணையத்தில் நிற்கும். இரண்டாம் வழியில் வேலை ஒரு முறைதான்.

தொடக்கம்

தானியங்கி நிறுவலை முதலில் கொண்டுவந்தது யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1990களில் தன் சோலாரிஸ் இயங்குதளத்துக்கு அளித்த ஜம்ப்ஸ்டார்ட் முன்னோடியாகப் பெரிதும் குறிப்பிடப்படுகிறது. நிறுவலின் இறுதியில் ஓடும் ஸ்கிரிப்ட் வழியாகப் பேட்ச்களைப் போடும் வசதி அதில் இருந்தது.

விண்டோஸ் என்டியிலும் விடைக்கோப்பு இருந்தது. ஆனால் 1996இல் வந்த என்டி 4.0இல் ஒரு தொல்லை தொடர்ந்தது. சர்வீஸ் பேக் போட்டபின் மூலச் சிடியிலிருந்து புதிய கூறு ஒன்றைச் சேர்த்தால், சிடியிலுள்ள பழைய கோப்புகள் புதியவற்றின்மேல் எழுதப்பட்டுவிடும். சர்வீஸ் பேக்கை மறுபடியும் போட வேண்டிவரும். 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000 இதைத் தீர்த்தது. சர்வீஸ் பேக்கின் கோப்புகளை ஐ386 என்னும் மூலக் கோப்புறைக்குள்ளேயே மாற்றிவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் அதில் அதிகாரபூர்வமாகத் தந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி காலம்

இம்முறை பரவலாக வேரூன்றியது 2001 அக்டோபரில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் காலத்தில்தான். அதற்கு உடனடிக் காரணம் பிளாஸ்டர் என்னும் புழு. அது பயன்படுத்திக்கொண்ட குறைக்கான பேட்ச் 2003 ஜூலை 16 அன்றே வெளியானது. புழு பரவத் தொடங்கியது ஆகஸ்ட் 11 அன்று. பழைய சிடியிலிருந்து எக்ஸ்பியைப் பதித்து இணையத்தில் இணைத்தால், பேட்ச் இறங்கி முடிவதற்குள் புழு நுழைந்துவிடும். 60 விநாடிகளில் கணினி அணையப்போவதாக ஓர் எச்சரிக்கைப் பெட்டி எண்ணத் தொடங்கும். பேட்ச் இல்லாத விண்டோஸ் கணினி இணையத்தில் சராசரியாக 20 நிமிடமே தாங்கும் என்று 2004இல் சான்ஸ் நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம் கணித்தது. எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தும் தொடக்கத்தில் அது இயல்பாக அணைந்தே இருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்தான் அதை இயல்பாக இயங்கும்படி மாற்றியது.

அந்த சர்வீஸ் பேக்கின் முழுத் தொகுப்பு சுமார் 266 எம்பி. 56 கேபிபிஎஸ் டயல்-அப் இணைப்பில், மோடம் முழு வேகத்தில் இயங்கினாலும், அதை இறக்க ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். பிஎஸ்என்எல் 2005இல் தொடங்கிய டேட்டாஒன் அகலக்கற்றையின் 256 கேபிபிஎஸ் வேகத்தில் இரண்டரை மணி நேரம் ஆகும். மாதாந்தர அளவு வரம்பு இருந்ததால், சில திட்டங்களில் இலவசமாக இருந்த அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரையிலான நேரத்தில் பெரிய கோப்புகளை இறக்குவது வழக்கமாயிற்று. இப்படி இறக்கியதை ஒவ்வொரு முறை ‘ஃபார்மேட்’ போடும்போதும் தனியாக ஓட்டுவதைவிட, ஒரே சிடியில் கலந்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை எனக் கணினி பழுதுபார்ப்போர் கண்டனர்.

செய்முறை எளியது, ஆனால் வரிசை தவறக்கூடாது. மூலச் சிடியை வன்தட்டில் ஒரு கோப்புறைக்கு நகலெடுத்து, சர்வீஸ் பேக்கை அந்தக் கோப்புறையைச் சுட்டி ஓட்ட வேண்டும். முதல் சர்வீஸ் பேக்கை விரித்தெடுத்துத்தான் இதைச் செய்ய முடிந்தது. இரண்டாவதிலிருந்து ஒரே கட்டளை போதும். அது பழைய கோப்புகளை நீக்கிப் புதியவற்றை வைக்கும். பிறகு மூலச் சிடியின் பூட் செக்டரைத் தனியே பிரித்தெடுத்து, அதையும் சேர்த்துச் சிடி எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால், கோப்புகள் யாவும் சரியாக இருந்தும் சிடியிலிருந்து கணினி பூட் ஆகாது. முதல்முறை செய்வோர் இந்தப் படியில் தவறிச் சிடிகளை வீணாக்கியதுண்டு.

சர்வீஸ் பேக்குகளுக்கு இடையே வந்த, ஹாட்ஃபிக்ஸ் எனப்படும் தனித்தனிப் பேட்ச்களைச் சேர்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவற்றின் கோப்புகளையும் டிஜிட்டல் கையொப்பப் பட்டியலையும் மூலத்திலேயே பதிப்பது. மற்றது, நிறுவல் நடக்கும்போது அவற்றை ஓசையின்றி ஓட்டுவது. எக்ஸ்பி நிறுவலின் வரைகலைக் கட்டத்தில், திரையின் இடப்பக்கம் மீதமுள்ள நேரம் 39 நிமிடங்களிலிருந்து இறங்கிவரும். 13 என்ற எண்ணை அடையும்போது, நிறுவல் நிரல் மூலத்திலுள்ள ஒரு பட்டியலைப் படித்து, அதில் எழுதிய ஹாட்ஃபிக்ஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். பட்டியல் நீளமானால் எண் 13இலேயே நின்றிருக்கும். கணினி உறைந்துவிட்டது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்தியவர்களும் உண்டு. அடுத்து 12ஆம் நிமிடத்தில் வேறு கட்டளைகளுக்கு இடம் உண்டு. முதல் உள்நுழைவின்போது இன்னொரு வாய்ப்பும் உண்டு. எந்தப் பேட்ச் எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும் என்று அறிந்திருப்பதே இத்துறையின் கைத்திறனாகக் கருதப்பட்டது.

ஒரே கோப்பை இரண்டு ஹாட்ஃபிக்ஸ்கள் மாற்றினால், பழையது பின்னால் ஓடிப் புதியதைக் கெடுக்கும் அபாயம் இருந்தது. இதற்காக மைக்ரோசாஃப்ட் க்யூசெயின் என்னும் சிறு கருவியைத் தந்தது. பின்னர் அந்தத் திறன் ஹாட்ஃபிக்ஸ்களிலேயே அடங்கியது. 2003 அக்டோபர் முதல் பேட்ச்கள் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகத் தொடங்கியதால், சிடியை எப்போது புதுப்பிப்பது என்பதற்கும் ஓர் ஒழுங்கு கிடைத்தது.

டினோ நூஹாகிச் உருவாக்கிய என்லைட் என்னும் இலவச மென்பொருள், மேற்கண்ட படிகளையெல்லாம் சில சொடுக்குகளில் முடித்துத் தந்தது. சர்வீஸ் பேக், ஹாட்ஃபிக்ஸ், விடைக்கோப்பு, டிரைவர் அனைத்தையும் சேர்த்து எழுதத் தயாரான சிடி படிமத்தை அது உருவாக்கும். டிரைவர் சேர்ப்பதன் அருமை சற்றுப் பின்னரே புரிந்தது. எக்ஸ்பி சிடியில், வன்தட்டை இணைக்கும் சாட்டா கட்டுப்படுத்திகள் பலவற்றுக்கு டிரைவர் இல்லை. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி ஃப்ளாப்பியில் அதைத் தர வேண்டும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத கணினிகள் பெருகியபோது, டிரைவர் கலந்த சிடி இல்லாமல் எக்ஸ்பி வன்தட்டைக் காணவே மறுத்தது.

2008 ஏப்ரலில் நிறைவடைந்த மூன்றாம் சர்வீஸ் பேக், ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைத் திரட்டித் தந்தது. எக்ஸ்பிக்கு வந்த கடைசி சர்வீஸ் பேக் அதுவே.

படிம முறை

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில், தனித்தனிக் கோப்புகளுக்குப் பதிலாக முழு இயங்குதளமும் ஒரே படிமக் கோப்பாக வந்தது. அப்படிமத்தை ஒரு கோப்புறையாகத் திறந்து, பேட்ச்களைச் சேர்த்து, மீண்டும் மூட முடிந்தது. எனினும் விஸ்டாவின் சர்வீஸ் பேக்கை இவ்வாறு சேர்க்க இயலவில்லை. ஒரு மாதிரிக் கணினியில் நிறுவிப் பொதுமைப்படுத்திப் படிமமாக எடுக்க வேண்டியிருந்தது. 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த டிஸ்ம் இப்பணிக்கு நிலையான கருவியாயிற்று. 2016 மே மாதத்தில் விண்டோஸ் 7க்கான திரட்டுத் தொகுப்பு வெளியானது. அதைச் சேர்ப்பதற்கு முன் 2015 ஏப்ரலின் ஒரு புதுப்பிப்பு படிமத்தில் இருக்க வேண்டும்.

லினக்ஸ்

ரெட் ஹாட்டின் கிக்ஸ்டார்ட், சூஸேயின் ஆட்டோயாஸ்ட், டெபியனின் ப்ரீசீட் ஆகியன இதே நோக்குடையவை. மென்பொருள் களஞ்சியத்திலிருந்து அன்றைய தொகுப்புகளையே நேரடியாக எடுத்துப் பதிக்கலாம் என்பதால் இங்குச் சிக்கல் குறைவு. டெபியன் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, திருத்தங்கள் சேர்ந்த புதிய நிறுவல் படிமங்களைத் தானே வெளியிடுகிறது.

தமிழ்நாட்டில்

சென்னையின் மேற்குப் புறநகரில் இம்முறைக்கான தேவை மூன்று இடங்களில் எழுந்தது: தொழிற்பேட்டை, ஆலை, பள்ளி. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், இயந்திரங்களை இயக்கும் கணினிகள் பழைய இயங்குதளத்துடனேயே கட்டுண்டவை. இயந்திரம் செய்தவர் சோதித்த பதிப்பை விட்டு மாறுவது எளிதன்று. இணையத்தில் இணைக்கப்படாத அத்தகைய கணினிக்கு, பேட்ச் கலந்த நிறுவல் வட்டே புதுப்பிப்பு சென்றடையும் வழி. பூந்தமல்லியைக் கடந்து செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007இல் கணினி ஆலை தொடங்கியது. ஆலையிலேயே இயங்குதளம் பதித்துவரும் கணினிக்கும், அந்தப் படிமம் தயாரான தேதிதான் அதன் பாதுகாப்பின் தேதி.

பள்ளிகளைப் பொறுத்தவரை பதிவுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு மின்னணுக் கழகமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூஸே லினக்ஸை ஏற்றது. அதே ஆண்டுகளில் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007இல் முதல் பதிப்பை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றும் அப்போது அடங்கியிருந்த திருவள்ளூர் மாவட்டத்தில், முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலாண்டு இலக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் பதிக்கப்பட்டன. விண்டோஸ் சேர்த்ததைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் எதிர்த்தனர். இத்தனை லட்சம் கணினிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பதிக்க முடியாது. இணைய இணைப்பே இல்லாத வீட்டுக்குப் போகும் மடிக்கணினியில், படிமத்தில் இல்லாத பேட்ச் பிறகு வந்துசேரும் என்ற உறுதியும் இல்லை. பெட்டியை மாணவி வீட்டில் திறந்தபோது எந்தப் பேட்ச் உள்ளே இருந்ததோ, பல வீடுகளில் அதுவே நெடுங்காலம் நிலைத்திருக்கக்கூடியது.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அதை முன்னிட்டு, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு துறைகளுக்குத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டின் தொடக்கத்தில் அறிவுறுத்தியது. அந்த மாற்றம் எவ்வளவு ஆழமாக நடந்தது என்பது குறித்து மாறுபட்ட மதிப்பீடுகள் உள்ளன.

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்னும் புழு, பேட்ச் வெளியாவதற்கும் கணினியைச் சென்றடைவதற்கும் உள்ள இடைவெளியின் விலையை மறுபடி காட்டியது. அதற்கான பேட்ச் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. உலகெங்கும் பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் தாக்குதலுக்கு உள்ளானது. 2016ஆம் ஆண்டின் திரட்டுத் தொகுப்பை மட்டும் சேர்த்த படிமம் இப்புழுவைத் தடுத்திருக்காது. திரட்டிவைத்த வட்டுக்கும் வயது ஏறும் என்பதற்கு அது சான்று.

மாறுபட்ட கருத்துகள்

மூலத்தில் பேட்ச் சேர்த்துப் பதித்த கணினியும், பதித்தபின் பேட்ச் போட்ட கணினியும் முற்றிலும் ஒன்றா என்பது நெடுநாள் விவாதம். கோப்புகள் ஒன்றே என்பர் ஒரு சாரார். பேட்ச்சை நீக்கும் வசதி முன்னதில் இல்லை என்பதைச் சுட்டுவர் மறு சாரார். தேவையற்றவை எனக் கருதிய கூறுகளைச் சிடியிலிருந்து அகற்றுவதால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையும் முழுதாக நிறுவப்படவில்லை. பின்னாளில் வந்த சில புதுப்பிப்புகள் அக்கூறுகளைத் தேடித் தோற்றதுண்டு. பிறர் கலந்து விற்ற வட்டுகளின் உள்ளே என்ன சேர்க்கப்பட்டது என்று சரிபார்க்க வழியில்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

அண்மைக் காலம்

2015இல் வந்த விண்டோஸ் 10இல் புதுப்பிப்புகள் முந்தையவற்றையும் உள்ளடக்கிய ஒரே திரட்டாக வருகின்றன. படிமத்தில் அண்மைத் திரட்டைச் சேர்த்தால் பெரும்பாலும் போதும்.  விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பெருமளவில் கணினிகளைப் பதிக்கும் தேவையும் தொடர்கிறது: தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது.